தசையும் மின்சாரமும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி வழியே செல்வோர் கண்ணில் இயன்மருத்துவ நிலையங்களின் பெயர்ப்பலகைகள் படாமற் போவதில்லை. வடக்கே கொட்டாஞ்சேனைப் பகுதியிலும் அத்தகைய நிலையங்கள் உள. பாரிசவாதத்தினால் ஒருபுறக் கையும் காலும் சோர்ந்தவர், முகவாதத்தினால் வாய் கோணியவர், முழங்காற் சத்திரசிகிச்சைக்குப் பின் தொடை மெலிந்தவர் எனப் பலரும் அவற்றை நாடிச் செல்கின்றனர். இரண்டு பட்டைகளைத் தோலின்மீது பொருத்திச் சிறு பெட்டியொன்றின் குமிழைத் திருப்பியவுடன், இனி அசையாதென்று வீட்டார் கைவிட்ட தசை துள்ளுகின்றது. காண்போருக்கு அது வியப்பு. நோயாளிக்கோ பெரும் நம்பிக்கை.

அதே தத்துவத்தில் இயங்கும் வேறொரு கருவி, இருந்த இடத்திலிருந்தே உடலைக் கட்டாக்கலாம், வயிற்றை ஒட்டச் செய்யலாம் என்ற விளம்பரத்தோடு விலைக்கு வருகின்றது. மின்னோட்டம் ஒன்றே, வாக்குறுதிகள் இரண்டு. இவற்றுள் எது எவ்வளவு மெய் என்பது நேற்று எழுந்த வினா அன்று. மின்சாரத்தை மனிதன் சேமித்து வைக்கக் கற்ற நாள்முதலே இவ்வினாவும் உடன்வந்திருக்கின்றது.

சேமிக்கக் கற்பதற்கு முன்னரே அவன் அதனை உணர்ந்திருந்தான். மன்னார்க் குடாவிலும் சோழமண்டலக் கரையிலும் வலையில் அகப்படும் மீன்களுள் மின்திருக்கையும் ஒன்று. அதனை வெறுங்கையால் தொட்டவனுக்கு முழங்கைவரை மரத்துப்போகும். தரங்கம்பாடிக் கடலிற் பிடிபட்ட அவ்வினமொன்றுக்கு ஐரோப்பிய அறிஞர் 1801ஆம் ஆண்டில் 'திம்லேய்' என்னும் பெயரைச் சூட்டினர். அக்கரையில் வழங்கிய உள்ளூர்ப் பெயரே அவ்வாறு நூலேறியது. மரத்துப்போதலைத் 'திமிர்' என்று கூறும் நமக்கு அப்பெயரின் ஓசை அந்நியமாகத் தோன்றாது. தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜோன் என்னும் பாதிரியார் அக்காலத்தில் அங்கிருந்து மீன்களைப் பதப்படுத்திப் பெர்லின் நகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் செம்படவரின் அறிவு பல, அப்பெட்டிகளோடு கப்பலேறிச் சென்றன.

மீனின் அதிர்ச்சியை மருந்தாக்கியவர் உரோமாபுரி வைத்தியர் ஸ்கிறிபோனியஸ் லார்கஸ். கிறித்து பிறந்து ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய மருத்துவ நூலில், ஊளைவலியால் வருந்துபவன் கடலலை தவழும் ஈரக்கரையில் நின்று, உயிருள்ள மின்திருக்கையின்மேற் காலை வைத்து, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்கவேண்டும் என விதித்தார். அந்த மரப்பு மின்சாரத்தால் விளைவது என்று செய்து காட்டப்பட்டது அதற்குப் பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின்னர். காட்டியவர் ஜோன் வால்ஷ் என்னும் ஆங்கிலேயர். சென்னைச் செயின்ற் ஜோர்ஜ் கோட்டையில் ஊழியம் பார்த்து, கிளைவின் அந்தரங்கச் செயலாளராகவும் இருந்து, பெரும் பொருளோடு தாயகம் மீண்டவர் அவர். 1772ஆம் ஆண்டில் பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள லா ரொஷெல் நகரில் அவர் அச்சோதனையை நடத்தினார்.

அதற்குள் ஐரோப்பாவில் மின்சாரம் ஒரு பைத்தியமாகவே பரவியிருந்தது. 1745, 1746ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரிற் புகழ்பெற்ற மின்சாடி, உராய்வினாற் பிறந்த மின்சாரத்தைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துவைக்க வழிசெய்தது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் மேட்டின்மீது இன்றும் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்துக்கு அதே ஒல்லாந்தர் 1749ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினர். அந்தச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேதான், மின்சாடியின் அதிர்ச்சியால் முடவரை நடக்கவைக்கலாமா என்னும் ஆராய்ச்சி ஐரோப்பிய நகரங்களிற் சூடுபிடித்தது. ஜெனீவாவைச் சேர்ந்த ஜலபேர் என்னும் பேராசிரியர், சுத்தியலடி பட்டதனால் வலக்கை பல்லாண்டாகச் செயலற்றிருந்த ஒரு பூட்டுத் தொழிலாளிக்கு நாள்தோறும் மின்னதிர்ச்சி கொடுத்தார். கை மெல்லச் சதைப்பற்றுக் கொண்டது, பாரத்தையும் தூக்கிற்று. 1748இல் வெளியான இச்செய்தி காட்டுத்தீப்போற் பரவியது. பரிசில் நொலே என்னும் பாதிரியார் முடம்பட்ட போர்வீரர்மீது இதே முறையைக் கையாண்டு பார்த்தபோது பயனேதும் குறிப்பிடத்தக்கதாகக் கிட்டவில்லை. ஒரே சிகிச்சை ஒருவருக்குப் பலித்தது, மற்றவருக்குப் பொய்த்தது. ஏன் என்று அப்போது எவராலும் சொல்ல இயலவில்லை.

இவ்விடத்தில் பெஞ்சமின் பிராங்கிளினின் நேர்மையைக் குறிப்பிடாமற் செல்லுதல் தகாது. பென்சில்வேனியாவின் பல பகுதிகளிலிருந்தும் வாதநோயாளர் அவர் வீட்டுக்கு வந்தனர். அவரும் அதிர்ச்சி கொடுத்தார். முதற் சில நாட்களில் உறுப்புக்களிற் சூடும் அசைவும் மிகுந்தன. ஐந்தாம் நாளுக்குப் பின் முன்னேற்றம் நின்றுபோயிற்று. நோயாளர் மனந்தளர்ந்து வீடு திரும்பினர். சில நாட்களில் பழைய நிலைக்கே மீண்டனர். நிலையான நன்மை எதனையும் தாம் கண்டதில்லை என்று 1757இல் எழுதிய கடிதமொன்றில் அவர் ஒப்புக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. தொடக்கத்தில் தோன்றிய சிறு நன்மைதானும் மின்சாரத்தினால் வந்ததோ, நாள்தோறும் நடந்து வந்த உடற்பயிற்சியினாலும் குணமாகும் என்ற நம்பிக்கையினாலும் வந்ததோ என்று தம்மைத்தாமே ஐயுற்றார். மின்னலைப் பட்டத்தினாற் பிடித்தவர் என்று உலகமே கொண்டாடிய ஒருவர் தம் கருவியின் குறையைத் தாமே எழுதிவைத்தாராயின், அவருக்குப்பின் இத்துறையில் வணிகம் செய்த எத்தனைபேர் அதிற் பத்திலொரு பங்கு உண்மையைப் பேசினர் என்று கேட்கத் தோன்றுகின்றது.

பிராங்கிளினுக்குக் கிட்டாத விளக்கத்தின் முதல் முனை இத்தாலியிற் கிடைத்தது. பொலோனா நகரத்து உடற்கூற்றுப் பேராசிரியர் கல்வானி, அறுத்துவைத்த தவளைக் கால்கள் உலோகம் பட்டவுடன் துடிப்பதைக் கண்டு பல்லாண்டு ஆராய்ந்து, 1791இல் தம் நூலை வெளியிட்டார். உயிரின் உடலிலேயே மின்சாரம் உண்டு என்றார் கல்வானி. இரு வேறு உலோகங்கள் சேர்ந்ததன் விளைவே அது என்று மறுத்தார் வோல்ற்றா. இம்மறுப்பை நிலைநாட்ட முயன்றதன் பயனாக 1800இல் மின்கல அடுக்கு பிறந்தது. வழக்கில் இருவருமே ஓரளவு வென்றனர் என்பது பிற்கால முடிபு. இதன் பின் 1831இல் பரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். இடைவிடாது ஒழுகும் கல்வானிய மின்னோட்டம், விட்டுவிட்டு அடிக்கும் பரடேயின் மின்னோட்டம் என வைத்தியர் கையில் இருவகை மின்சாரம் வந்து சேர்ந்தது.

இவ்விரண்டையும் கொண்டு தசைகளின் அகராதியையே எழுதியவர் பிரான்சின் டுஷேன். மீனவரும் மாலுமிகளும் நிறைந்த பூலோன் துறைமுகத்திற் பிறந்து, 1842இல் பரிசுக்கு வந்து, எந்த வைத்தியசாலையிலும் பதவி பெறாமல், மின்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாட்டு வாட்டாக அலைந்தார் அவர். இளம் வைத்தியர்கள் முதலில் நகைத்தனர். அதுவரை ஊசியைத் தசையினுட் செலுத்தியே மின்சாரம் பாய்ச்சிவந்தனர். டுஷேன் ஈரமாக்கிய இரு முனைகளைத் தோலின்மேல் வைத்தே, வேண்டிய ஒரு தசையை மாத்திரம் அசைத்துக் காட்டினார். எந்த இடத்தில் வைத்தால் எந்தத் தசை சுருங்கும் என்பதனை உடல் முழுவதும் தேடித் தேடிக் குறித்தார். இவ்வாராய்ச்சியை 1855இல் நூலாக்கினார். இன்று வெள்ளவத்தையில் ஓர் இயன்மருத்துவர் பட்டையை ஒட்டுமுன் விரலால் இடம் பார்க்கின்றாரே, அது டுஷேன் தொடக்கிவைத்த தேட்டத்தின் தொடர்ச்சியே.

1862இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூல் முகத்தைப் பற்றியது. முகத்தில் உணர்ச்சி குன்றிய ஒரு முதியவரின் கன்னத்தில் மின்முனைகளை வைத்துச் சிரிப்பையும் அச்சத்தையும் அழுகையையும் வரவழைத்துப் புகைப்படம் எடுத்தார். அப்படங்களிற் சிலவற்றை டார்வின் 1872இல் தம் நூலிற் சேர்த்துக்கொண்டார். உதட்டை மேலிழுக்கும் தசை மின்சாரத்துக்கும் பணியும், மனத்தின் கட்டளைக்கும் பணியும். ஆனால் கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளபடியே மகிழ்ந்தாலன்றி அவ்வாறு சுருங்காது என்று டுஷேன் கண்டார். மின்சாரம் வரவழைத்த சிரிப்புக்கும் மனம் வரவழைத்த சிரிப்புக்கும் வேற்றுமை உண்டென்பதனை மின்சாரத்தில் யாவரினும் வல்லவரே எழுதிவைத்தார்.

இந்நூல்கள் வெளிவந்த அதே காலத்தில் ஈழநாட்டில் மேனாட்டு உடற்கூற்றறிவு தமிழிலேயே புகுந்துகொண்டிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பள்ளியும் நடத்திய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க வேண்டும் எனத் துணிந்தார். அவரும் அவர் மாணாக்கரும் மொழிபெயர்த்த 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் அச்சேறின. தசைக்கும் நரம்புக்கும் தமிழிற் பெயரிட்டு வகுத்துரைத்த பணி அங்ஙனம் நிகழ்ந்தது. கொழும்பில் ஆங்கில மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கப்பெற்றது. ஆயினும் நாட்டு மக்களுக்கு வாதமென்றால் எண்ணெயும் நொச்சியிலை ஒத்தடமும் பரியாரியாரின் கைப்பிடியுமே நினைவில் வந்தன. அவற்றை எளிதில் இகழவும் கூடாது. அசையாத உறுப்பை நாள்தோறும் பிடித்து அசைத்துக்கொடுத்தால் மூட்டு இறுகுவதில்லை என்பது இக்கால மருத்துவமும் ஒப்பும் உண்மை.

தலைநகருக்கு மின்சாரம் ஒளியாகவும் ஓட்டமாகவுமே முதலில் வந்தது. 1890இல் கோட்டையிலிருந்த பிறிஸ்ரல் ஹோட்டலின் பில்லியாட் மண்டபம் மின்விளக்குப் பெற்றது. 1899இல் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை மின்சார ட்றாம் வண்டி ஓடத் தொடங்கிற்று. கொட்டாஞ்சேனை வாசிகள் பல தலைமுறை ஏறி இறங்கிய அந்த வண்டி 1960இல் நின்றுபோயிற்று. விமலசுரேந்திரா 1918இலேயே எடுத்துரைத்த நீர்மின் திட்டம் 1950இல் லக்ஷபானாவில் நிறைவேறி, மலைநாட்டு ஆற்றுநீர் கொழும்பின் விளக்குகளை எரித்தது. 1957இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இயன்மருத்துவப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டபோதுதான், இத்துறையில் முறையாகக் கற்றுத் தேர்ந்தவர்களை நாடு தானே உருவாக்க வழி பிறந்தது.

அத்தேவை எவ்வளவு அவசரமானது என்பதனை 1962 காட்டிற்று. அவ்வாண்டில் இளம்பிள்ளைவாதம் தீவெங்கும் கொள்ளைநோயாகப் பரவியது. காய்ச்சலோடு படுத்த குழந்தை காலைத் தூக்கமாட்டாமல் எழுந்தது. அவ்வாண்டிலேயே வாய்வழிச் சொட்டு மருந்தும் வழங்கத் தொடங்கினர். 1968இலும் நோய் மீண்டும் தலையெடுத்தது. இறுதியில் 1993க்குப் பின் இந்நாட்டில் ஒரு நோயாளிதானும் காணப்படவில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கால் சூம்பிய பிள்ளைகளின் தாய்மார் வைத்தியரைக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றே: கரண்டுப் பெட்டி வைத்தால் என் பிள்ளை நடக்குமா?

அதற்குரிய விடையை ட்றாம் வண்டியைக்கொண்டே விளக்கலாம். வண்டி நிற்பதற்குக் காரணம் மூன்றாக இருத்தல் கூடும். மின்நிலையத்திற் கோளாறு நேர்ந்திருக்கலாம். மேலே செல்லும் கம்பி அறுந்திருக்கலாம். வண்டியின் இயந்திரமே பழுதாகியிருக்கலாம். உடலில் மூளையே நிலையம், முள்ளந்தண்டிலிருந்து புறப்படும் நரம்பு கம்பி, தசை இயந்திரம். பாரிசவாதத்தில் நிலையம் சேதமுற்றது. கம்பியும் இயந்திரமும் நலமாகவே உள்ளன. ஆதலின் வெளியிலிருந்து நரம்புக்குச் சிறு துடிப்பொன்றைக் கொடுத்தால் தசை உடனே சுருங்குகின்றது. இளம்பிள்ளைவாதத்தில் கம்பி புறப்படும் இடத்து நரம்பணுக்களே மாண்டுவிடுகின்றன. மாண்ட அணுவை எந்த மின்சாரமும் எழுப்பாது. எஞ்சிய அணுக்களோடு இணைந்த தசையைப் பயிற்சியால் வலுப்படுத்துவதே வழி. கையிலோ முகத்திலோ நரம்பு அறுந்தவரின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நரம்பு மீண்டும் வளர்ந்து வரலாம், வராமலும் போகலாம்.

இவ்வேற்றுமையைக் கண்டறியவும் மின்சாரமே உதவிற்று. ஜெர்மானிய வைத்தியர் ஏர்ப் 1868இல் ஒன்றைக் கவனித்தார். நரம்பறுந்த தசை சில நாட்களில் பரடேயின் விரைந்த அடிகளுக்கு அசைய மறுக்கின்றது. கல்வானிய மின்னோட்டத்துக்கோ புழு நெளிவதுபோல் மந்தமாகச் சுருங்குகின்றது. நலமான நரம்புக்கு ஒரு செக்கனைப் பத்தாயிரம் கூறாக்கி அவற்றுள் இரண்டு மூன்று கூறளவு நீடிக்கும் துடிப்பே போதும். நரம்பற்ற தசையைத் தொட்டெழுப்ப அதனைவிட மிக நீண்ட துடிப்பு வேண்டும். ஜலபேருக்குப் பலித்ததும் நொலேக்குப் பொய்த்ததும் ஏன் என்பது இங்கு ஓரளவு விளங்கும். வெளித்தோற்றத்தில் எல்லாமே முடம்; உள்ளே அறுந்த இடம் வேறு வேறு.

துடிப்புக்களின் எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. செக்கனுக்கு ஐந்தாறு துடிப்பானால் தசை வெட்டிவெட்டி இழுக்கும். முப்பது, நாற்பது, ஐம்பதானால் சேர்ந்து ஒரே இறுக்கமாகும். ஆனால் மனம் தசையை அழைப்பதும் மின்பெட்டி அழைப்பதும் ஒருபடித்தல்ல. மனம் முதலிற் சிறு நார்களை அழைக்கும். பாரம் கூடினால் பெரியவற்றை அழைக்கும். ஒன்று களைத்தால் மற்றொன்றை மாற்றி நிறுத்தும். பெட்டியோ பட்டைக்கு அண்மையிலுள்ள நார்களையே ஒருசேர, மீண்டும் மீண்டும் அடித்தெழுப்பும். ஆதலின் மின்சாரம் இயக்கிய தசை விரைவில் ஓய்ந்துவிடுகின்றது. இந்த நுட்பம் தெரிந்தவர் இடையிடையே ஓய்வு கொடுப்பர். தெரியாதவர் கூடக்கூட நன்று என்று குமிழைத் திருப்பிக்கொண்டே போவர்.

வணிகரின் கதை வேறு வழியிற் சென்றது. 1890களின் தொடக்கத்தில் லண்டன் மாநகரின் ஒக்ஸ்போர்ட் வீதியில் ஹார்னெஸ் என்பவர் மின்கச்சை விற்றார். இடையிற் கட்டிக்கொண்டால் வாதமும் சோர்வும் அகலும் என்றார். மின்தொழில் வல்லுநர் சோதித்து அம்பலப்படுத்தியதும் வழக்குகள் எழுந்தன. அவர் நிறுவனம் வீழ்ந்தது. அமெரிக்காவில் 1949 முதல் 'றிலாக்ஸசைசர்' என்னும் பெட்டி, பெண்களின் இடையையும் தொடையையும் உழைப்பின்றி மெலிவிக்கும் என்ற விளம்பரத்தோடு ஏறத்தாழ நான்கு லட்சம் விலைபோயிற்று. இதயத்துக்கும் வேறு உறுப்புக்களுக்கும் கேடு செய்யவல்லது என வைத்தியர் சாட்சியமளித்ததன் பேரில் 1970இல் நீதிமன்றம் அதன் விற்பனையைத் தடைசெய்தது. ஆயினும் ஆசை அடங்குவதாயில்லை. 2002இல் அதே நாட்டு அரசு, வயிற்றுப் பட்டி விற்ற மூன்று நிறுவனத்தார்மீது மீண்டும் நடவடிக்கை எடுக்கவேண்டியதாயிற்று. தசை சுருங்குவது மெய். அதனால் அதன்மேற் படிந்த கொழுப்புக் கரையும் என்பது மெய்யன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வெளியிலேதான் இவ்வணிகம் முழுவதும் நடைபெற்றது.

நலமுள்ளவர்க்கு இதனாற் பயனே இல்லையெனக் கூறுவதும் பொருந்தாது. சோவியத் நாட்டு யாக்கொவ் கொட்ஸ் 1977இல் மொன்றியலில் உரையாற்றியபோது, பத்துச் செக்கன் மின்னோட்டம், ஐம்பது செக்கன் ஓய்வு எனப் பத்துத் தடவை செய்த விளையாட்டு வீரரின் வலிமை முப்பது, நாற்பது வீதம் கூடியதென்றார். பிறர் செய்து பார்த்தபோது வலிமை கூடிற்று. ஆனால் அந்த அளவை எட்டவில்லை. முழங்காற் சத்திரசிகிச்சைக்குப் பின் தானாகத் தொடையை இறுக்கமாட்டாதவருக்கு இம்முறை பெரிதும் உதவுவதைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதி செய்தன. உடல் முழுவதும் பட்டைகள் பதித்த ஆடையை அணிவித்து ஒரே நேரத்தில் எல்லாத் தசையையும் இறுக்கும் முறை அண்மைக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து பல நகரங்களுக்கும் பரவியது. முதல் நாளே அளவு மிஞ்சிச் செய்த சிலருக்குத் தசை நார்கள் சிதைந்து, அச்சிதைவு இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்துக்கு ஆபத்து நேர்ந்தது. இஸ்ரவேல் நாட்டுச் சுகாதார அமைச்சு 2016இல் எச்சரிக்கை விடுத்தது. அந்நாட்டு வைத்தியர் சிலர் இம்முறையைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமென மருத்துவ இதழில் எழுதினர். இதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவரும் கருவுற்றவரும் இவ்வாடையைத் தவிர்க்கவேண்டும் என்பதும், கழுத்தின் முன்புறத்தில் எவருக்கும் பட்டை வைத்தல் ஆகாதென்பதும் இத்துறையினர் யாவரும் அறிந்த விதிகள்.

சிகிச்சையின் பக்கத்திற் பெரும் திருப்பத்தை உண்டாக்கிய கருவி அளவிற் சிறியது. 1961இல் லிபர்சன் என்னும் அமெரிக்க வைத்தியர், பாரிசவாதத்தினால் முன்பாதம் தொங்கி நிலத்தில் இழுபடும் நோயாளரின் சப்பாத்துக் குதியில் ஓர் ஆளியை வைத்தார். குதி நிலத்தை விட்டெழும்பியதும் ஆளி மின்துடிப்பைத் திறந்துவிடும். முழங்காலின் கீழ்ப்புற நரம்பு அதனைப் பெற்று முன்பாதத்தை மேலே தூக்கும். குதி மீண்டும் நிலத்தைத் தொட்டதும் துடிப்பு நின்றுவிடும். காலை இழுத்து இழுத்து நடந்தவர் தூக்கி வைத்து நடந்தார். அதுவரை நோயாளி கட்டிலிற் கிடக்க, மின்சாரம் தசையோடு தனித்து விளையாடியது. லிபர்சனின் கருவியிலோ, நோயாளி அடியெடுத்து வைத்தால்தான் மின்சாரம் வரும்.

அன்றுமுதல் பாரிசவாதச் சிகிச்சை அத்திசையிலேயே செல்கின்றது. வெறுமனே படுத்திருந்து தசையைத் துடிக்கவிடுவதினும், மின்துடிப்பு வரும் வேளையில் நோயாளியும் அதே அசைவை மனத்தால் முயல்வது கூடிய பயன் தரும் எனக் கண்டனர். பல்லாண்டுக்கு முன் பிராங்கிளின் ஐயுற்ற நடையும் நம்பிக்கையும் இவ்வாறு சிகிச்சைக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டன. இன்று காலி வீதி மாடியறையொன்றில் முன்கையிற் பட்டை ஒட்டப்பட்டு ஒரு முதியவர் அமர்ந்திருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். விரல்கள் தாமாக விரியத் தொடங்கும் அக்கணத்தில், இயன்மருத்துவர் அவரிடம் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்: "ஐயா, சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கரண்டு வரும்போது நீங்களும் சேர்ந்து விரியுங்கோ."